கல்லீரல் பாதுகாப்பில் இஞ்சிச் சேர்மங்கள்

இஞ்சிக்குக் காரச் சுவையைத் தரும் வேதிச் சேர்மங்கள், கல்லீரல் செல்களை நச்சுப் பாதிப்பிலிருந்து ஓரளவு காக்கும் திறன் கொண்டவை என விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் குறைவு. எனவே இஞ்சி கல்லீரல் நோய்க்கான மருந்தாக இன்னும் நிறுவப்படவில்லை.

முக்கியச் சேர்மங்கள்

இஞ்சி 'ஜிஞ்சிபெர் அஃபிசினேல்' என்னும் தாவரவியல் பெயர் கொண்டது. இதன் கிழங்கு உண்மையில் வேர் அன்று. நிலத்தடித் தண்டு ஆகும். பச்சை இஞ்சியின் காரத்துக்கு முதற்காரணம் ஜிஞ்சரால் வகைச் சேர்மங்கள். அவற்றுள் 6-ஜிஞ்சரால் மிகுதியாக உள்ளது. இஞ்சி உலரும்போது ஜிஞ்சரால் மூலக்கூறு ஒரு நீர் மூலக்கூறை இழந்து ஷோகால் ஆகிறது. 'ஷோகா' என்பது இஞ்சியைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். ஷோகால் ஜிஞ்சராலைவிடக் காரமானது. பச்சை இஞ்சியைவிடச் சுக்கில் அதிகம் உள்ளது. சமைக்கும்போது ஜிஞ்சராலின் ஒரு பகுதி, காரம் குறைந்த ஜிஞ்சரோனாக மாறுகிறது.

கல்லீரல் பாதிக்கப்படும் விதம்

பாராசிட்டமால் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உட்கொள்ளும் மருந்தின் ஒரு சிறு பகுதி கல்லீரலில் நச்சுப் பொருளாக மாறுகிறது. கல்லீரல் செல்களில் உள்ள குளூட்டாதயோன் அதனுடன் இணைந்து, அதைத் தீங்கற்றதாக்குகிறது. அளவு மீறினால் குளூட்டாதயோன் தீர்ந்துவிடும். எஞ்சிய நச்சு செல்லின் புரதங்களைத் தாக்க, செல்கள் மடிகின்றன. அப்போது செல்லுக்குள் இருக்க வேண்டிய ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. நொதிகள் இரத்தத்தில் கசிகின்றன. ஆய்வக அறிக்கைகளில் எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி. எனக் குறிக்கப்படுபவை இவையே.

விலங்குச் சோதனைகள்

பாராசிட்டமால் அல்லது கார்பன் டெட்ராகுளோரைடு கொடுக்கப்பட்ட எலிகளில், இஞ்சிச் சாறு பெற்றவற்றுக்கு இந்நொதிகளின் உயர்வு குறைவாக இருந்தது. குளூட்டாதயோன் அளவும் அதிகம் காக்கப்பட்டது. இதற்கு இரண்டு வழிகள் கூறப்படுகின்றன. ஒன்று, செல்லைத் தாக்கும் தனி உறுப்புகளை இச்சேர்மங்கள் நேரடியாகச் செயலிழக்கச் செய்கின்றன. செல் தானே தற்காப்பு நொதிகளை உருவாக்கவும் தூண்டுகின்றன. மற்றொன்று, அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளை அடக்குகின்றன.

இச்சோதனைகள் பலவற்றில் நச்சுக்கு முன்னரே இஞ்சி கொடுக்கப்பட்டது. அதன் அளவும் சமையலில் சேர்ப்பதைவிட மிக அதிகம். மேலும், மனிதர் உண்ணும் ஜிஞ்சரால் குடற்சுவரிலும் கல்லீரலிலும் விரைவாக வேறு வடிவம் பெறுவதால், மாறாத நிலையில் இரத்தத்தை அடைவது மிகச் சிறிதளவே.

மனிதர்களிடம் ஆய்வு

ஈரானில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு ஒன்றில், மது சாராக் கொழுப்புக் கல்லீரல் நோய் உள்ள 44 பேர் பங்கேற்றனர். ஒரு பிரிவினர் 12 வாரங்களுக்கு நாள்தோறும் 2 கிராம் இஞ்சியும், மற்றவர் போலி மாத்திரையும் உட்கொண்டனர். இரு பிரிவினருக்கும் உணவு, உடற்பயிற்சி அறிவுரைகள் தரப்பட்டன. இஞ்சி பெற்றவர்களிடம் ஏ.எல்.டி. அளவும் அழற்சியின் அடையாளங்களும் கூடுதலாகக் குறைந்தன. கல்லீரல் நார்த்திசுப் பெருக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பங்கேற்றோர் சிலரே என்பதால் இம்முடிவைப் பொதுமைப்படுத்த இயலாது.

கவனிக்க வேண்டியவை

'சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை' என்னும் பழமொழியை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது. பாராசிட்டமாலை அளவுக்கு மீறி உட்கொண்டவருக்கு முதல் நாளில் அறிகுறி எதுவும் தெரியாமல் இருக்கலாம். ஆயினும் உரிய மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் கொடுக்கப்பட்டால்தான் மிகச் சிறப்பாகப் பயனளிக்கும். அந்நேரத்தை இஞ்சிச் சாறு கொடுத்துக் கழித்துவிடக் கூடாது. மஞ்சள் காமாலைக்கும் காரணம் அறிந்த பின்னரே சிகிச்சை அமைய வேண்டும்.

உணவில் சேர்க்கும் இஞ்சி பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. வார்ஃபரின் போன்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்கள், இஞ்சியை மாத்திரையாகவோ சாறாகவோ மிகுதியாக உட்கொள்ளும் முன் மருத்துவரிடம் கேட்டறிதல் நலம்.