கட்டு அவிழ்ந்த சொல்

குட்டிகளே, ஒரு டப்பில் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். காலி தண்ணீர் பாட்டில் ஒன்றை இறுக மூடி அதில் மிதக்க விட்டு, முதுகில் ஒரு ரப்பரை வையுங்கள். பாட்டில் சட்டென்று உருளும், ரப்பர் தண்ணீருக்குள் போகும். இனி அதே மாதிரி இரண்டு பாட்டில்களை எடுத்து, ஒரு சாண் இடைவெளி விட்டு, குறுக்கே இரண்டு ஸ்கேல்களை வைத்து நூலால் கட்டுங்கள். இப்போது ரப்பர் என்ன, பென்சில் டப்பாவையே ஏற்றலாம்.

ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கத்துப் பாட்டில் கூடுதலாக அமிழும். அமிழ அமிழ, தண்ணீர் அதை மேலே தள்ளும் விசையும் கூடும். பாட்டில் நடுவிலிருந்து தள்ளி இருப்பதால், சீசா பலகையின் நுனியில் உட்கார்ந்தவரைப் போல அந்த விசைக்கு வலு அதிகம். கொஞ்சம் சாய்ந்த படகு தானே நிமிர்ந்துவிடும்.

இப்படி இரண்டு மிதவை உள்ள படகை உலகமே ‘கேட்டமரான்’ என்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஆமாம், நம் கட்டுமரம்தான்! பெங்களூரு அல்சூர்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு சந்தோஷம் உண்டு. பக்கத்து பெஞ்சில் இருக்கும் கன்னடத் தோழியிடம் கேளுங்கள். அவள் மொழியிலும் கட்டு என்றால் கட்டுவது, மர என்றால் மரம். நம் தோணி அங்கே ‘தோ³ணி’ போல ஒலிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் நம் கடற்கரைக் கட்டுமரத்தில் இரண்டு மிதவை கிடையாது. லேசான மரத்துண்டுகளை, முன்பக்கம் கூராகச் செதுக்கி, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் கயிற்றால் கட்டுவார்கள். குழிவான உட்புறமே இல்லை. அதனால் அலை மேலே ஏறி விழுந்தாலும் தண்ணீர் தேங்க இடமில்லை. மரங்களுக்கு நடுவிலேயே வழிந்து போய்விடும். துறைமுகம் இல்லாத கரையில் அலையை முட்டிக்கொண்டு கடலுக்குள் போக இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. கரை திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் காய வைப்பார்கள். ஊறிய மரம் கனக்கும், மிதப்பு குறையும். மறுபடி கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டு.

வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி, 1697-இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையின் இந்தப் படகைப் பற்றி எழுதினார். (மாலுமி என்ற சொல் மட்டும் நம்முடையதா? அரபியின் ‘முஅல்லிம்’ அது. ஆசிரியர் என்று பொருள்.) 1804-இல் ராபர்ட் ஃபுல்டன் என்ற கண்டுபிடிப்பாளர் செய்த, பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்கும் மிதக்கும் வெடிகளுக்கும் ஆங்கிலேயர் ‘கேட்டமரான்’ என்ற இதே பெயரை வைத்தார்கள். மீன் பிடிக்கப் பிறந்த சொல் வெடிக்குப் போனதில் எனக்கு வருத்தம்தான்.

அப்படியானால் இரட்டை மிதவை எங்கிருந்து வந்தது? பசிபிக் தீவுக்காரர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளாக இரட்டைப் படகு கட்டிப் பெருங்கடலைக் கடந்தவர்கள். அந்த வடிவம் அவர்களுடையது, பெயர் நம்முடையது. 1876-இல் அமெரிக்காவின் நத்தானியேல் ஹெரஷாஃப் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டைப் படகைக் கட்டி, பந்தயத்தில் மற்றப் பாய்மரப் படகுகளை முந்தினார். இன்று எஃகாலும் அலுமினியத்தாலும் செய்த, இரட்டை மிதவையுள்ள பெரிய பயணிகள் கப்பலும் கேட்டமரான்தான். கட்டும் இல்லை, மரமும் இல்லை!

நம் அல்சூர் ஏரியை ஒட்டித்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை இருக்கிறது. அதன் வீரர்களுக்குச் செல்லப்பெயரே ‘தம்பி’. ராணுவப் பொறியாளர் படையினர் ‘திரிஷ்ணா’ என்ற பாய்மரப் படகில் 1985 முதல் 1987 வரை உலகத்தைச் சுற்றி வந்தார்கள். அதே பெயரில் இந்த ஏரியில் ஒரு பாய்மரப் படகுச் சங்கம் உண்டு. அடுத்த முறை ஏரிக்கரையில் நின்று பாருங்கள். இரட்டை மிதவைப் படகு ஏதாவது கண்ணில் பட்டால், இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குச் சட்டம் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். உங்கள் டப்பில் அது ஸ்கேலும் நூலும்.