கட்டைவிரல் குறிக்கு என்ன பொருள்?



இன்று மண்டி விலை, லாரி வந்த தகவல், சங்கக் கூட்ட அறிவிப்பு, துக்கச் செய்தி எல்லாமே வாட்ஸ்ஆப் குழுவில்தான் வருகின்றன. 2022-ஆம் ஆண்டு மே மாதம் முதல், வந்த செய்தியை அழுத்திப் பிடித்தால் சில குறிகள் தோன்றுகின்றன. உயர்த்திய கட்டைவிரல், இதயம், சிரிப்பு, வியப்பு, கண்ணீர், கூப்பிய கை என்று முதலில் ஆறு குறிகள் மட்டுமே தந்தார்கள். அதே ஆண்டில் எந்தக் குறியையும் இடலாம் என்றாயிற்று. இதை ரியாக்‌ஷன் என்கிறார்கள்.

இதில் நன்மை உண்டு. இருநூறு பேர் உள்ள குழுவில் கூட்ட அறிவிப்புக்கு இருநூறு பேரும் "சரி" என்று எழுதினால், அறிவிப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். ஒரு குறி இட்டால் பார்த்ததாகத் தெரிந்துவிடும், இடமும் அடைக்காது. அறிவிப்பு, வாழ்த்து, தகவல் ஆகியவற்றுக்குக் குறியே போதும்.

ஆனால் விலை பேசும் இடத்தில் கட்டைவிரலுக்கு என்ன பொருள்? "பார்த்தேன்" என்பதா, "சம்மதம்" என்பதா? இங்கேதான் வம்பு பிறக்கிறது.

கனடா நாட்டில் சஸ்காட்சுவன் மாநிலத்தில் நடந்த வழக்கு ஒன்று நமக்கு நல்ல பாடம். 2021 மார்ச் மாதம் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம், ஆளி விதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படம் எடுத்து ஒரு விவசாயிக்குக் கைப்பேசியில் அனுப்பி, உறுதி செய்யும்படி கேட்டது. விலை புஷல் ஒன்றுக்கு 17 டாலர். சரக்கு நவம்பரில் தர வேண்டும். அவர் பதிலுக்குக் கட்டைவிரல் குறி மட்டும் அனுப்பினார். நவம்பரில் விலை 41 டாலர் ஆகிவிட்டது. சரக்கு வரவில்லை. "ஒப்பந்தம் கிடைத்தது என்பதற்காகத்தான் குறி அனுப்பினேன், சம்மதம் என்று அல்ல" என்பது அவர் வாதம். அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கும் அவர் "ஓ.கே." என்பது போன்ற ஒரு சொல்லில் பதில் தந்து, சரக்கும் அனுப்பியிருந்தார். இந்தப் பழக்கத்தை வைத்து, குறியே கையெழுத்துக்குச் சமம் என்று 2023-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நஷ்ட ஈடு 82,200 டாலர். 2024-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.

நம் ஊர்த் தீர்ப்பு ஒன்றும் உண்டு. ரயில்வே பாதுகாப்புப் படையில் உயர் அதிகாரி ஒருவர் கொலையுண்ட செய்தி வாட்ஸ்ஆப் குழுவில் வந்தபோது, காவலர் ஒருவர் கட்டைவிரல் குறி இட்டார். கொலையைக் கொண்டாடினார் என்று அவரைப் பணிநீக்கம் செய்தார்கள். அந்தக் குறியை "ஓ.கே." என்ற பொருளில் பார்க்கலாம், கொலையைக் கொண்டாடியதாகக் கொள்ள முடியாது என்று 2024-இல் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தீர்ப்பளித்து, அவரை மீண்டும் பணியில் சேர்க்கும் உத்தரவை உறுதி செய்தது. வேலை திரும்பக் கிடைத்தது உண்மைதான். ஆனால் ஒரு விரலுக்காக அவர் எத்தனை ஆண்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது!

இரண்டும் ஒரே விரல்தான். அங்கே சம்மதம் ஆயிற்று, இங்கே வெறும் "பார்த்தேன்" ஆயிற்று. குறிக்கென்று தனிப் பொருள் இல்லை; இடமும் முன்பழக்கமும்தான் பொருள் தருகின்றன. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவார்கள். எந்த விரல் எத்தனை ரூபாய் என்பது இருவருக்கும் முன்பே தெரியும். ஆகவே குழப்பம் வராது. கைப்பேசி விரலுக்கு அப்படி ஓர் ஏற்பாட்டை நாம் இன்னும் செய்துகொள்ளவில்லை.

செய்துகொள்ள வழி இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, சம்மதம் முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்க வேண்டும் என்கிறது. எந்த முறையில் சம்மதம் தர வேண்டும் என்று விலை சொல்பவரே குறிப்பிடலாம். ஆகவே விலை அனுப்பும்போதே, "சரக்கு, அளவு, விலை, தேதி நான்கையும் எழுதி அனுப்பினால்தான் ஆர்டர்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதற்கு மேலும் ஒருவர் விரலை மட்டும் காட்டினால், "எழுதி அனுப்புங்கள்" என்று உடனே கேளுங்கள். கேட்காமல் இருந்துவிட்டால், அந்த விரலையே ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது.

இன்னும் சில ஒழுங்குகள். மரணச் செய்திக்குக் கட்டைவிரல் வேண்டாம். பார்த்தேன் என்று நீங்கள் இட்டது, துக்க வீட்டாருக்கு மனம் புண்படும். கூப்பிய கை இடலாம். ஒரு வரி ஆறுதல் எழுதுவது அதைவிட மேல். பாக்கி வைத்தவர் பெயரை யாராவது குழுவில் போட்டால் அதற்குச் சிரிப்போ விரலோ இடாதீர்கள். குறி இட்டவர் யார் யார் என்று பெயரோடு தெரியும். சம்பந்தமில்லாத சண்டையில் நாமும் ஒரு கட்சி ஆகிவிடுவோம். இட்ட குறியை எடுத்துவிடலாம் என்றாலும், அதற்குள் எதிராளி பார்த்திருப்பார்.

கடையில் கைப்பேசியைக் கையாளும் பிள்ளைகளுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் இதைச் சொல்லி வையுங்கள். அவர்கள் இடும் விரல் நம் கடையின் விரலாகத்தான் கொள்ளப்படும். தகவலுக்குக் குறி போதும். காசு சம்பந்தப்பட்டதற்கு எழுத்து வேண்டும்.