சேதி வந்த நேரம்

அலோர் காஜா மாவட்டத்து டுரியான் துங்காலிலும் அதைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்து, இன்று தொண்ணூறை எட்டிக்கொண்டிருக்கும் பெரியவர்களுள் எவரையேனும் அணுகி, மகாத்மா காந்தி மறைந்த சேதி தங்களை எங்கே வந்தடைந்தது என்று வினவுவீர்களாயின், அவர்கள் ஞாபகத்தைத் துழாவுவதற்கென்று ஒரு கணமும் எடுத்துக்கொள்வதில்லை. தாயாருக்கு ரப்பர்ப் பால் வடியும் மங்கு துடைத்துக் கொடுப்பதற்காக விடியுமுன் எழுப்பப்பட்டு, பெரட்டு என்னும் பெயர் கூப்பிடும் கூட்டத்துக்குக் கூடப் போன ஒருவர் சொன்னார்: "கிராணி செக்ரோல விரிச்சாரு, பேரு கூப்பிடல. கொஞ்ச நேரம் நின்னுட்டு, 'காந்தி போய்ட்டாரு, சுட்டுட்டானுங்க'ன்னாரு. எங்கம்மா காண்டா வாளிய இறக்கி வச்சிட்டாங்க. அன்னைக்கு எத்தனை மரம் வெட்டுனாங்கன்னு கேட்டா எனக்குத் தெரியாது."

இவ்வாக்குமூலத்தைக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவமரியாதையாகாது. டெல்லி பிர்லா மாளிகையின் பிரார்த்தனைத் திடலில் துப்பாக்கி வெடித்தது 1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை மாலை 5.17 மணிக்கு; அக்காலத்தில் மலாயாவின் கடிகாரம் இந்தியாவுக்கு இரண்டு மணி நேரம் முந்தியிருந்ததால், இங்கே விளக்கு வைத்து, லயங்களில் அடுப்பு புகைந்துகொண்டிருந்த வேளை அது. வானொலிப் பெட்டி வைத்திருந்த துரை பங்களாவுக்கும் கணக்கெழுதும் கிராணி வீட்டுக்கும் அன்றிரவே வந்துவிட்ட சேதி, தொழிலாளிக்குச் சனிக்கிழமைப் பெரட்டில்தான் வந்திருக்க முடியும் என்பதனால், பெரியவரின் ஞாபகம் பரீட்சையில் தேறுகிறது. ஆனால் அவருடைய சிநேகிதர் ஒருவர், அதே வெள்ளிக்கிழமை நண்பகலில், ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தாம் கேட்டதாகச் சத்தியம் செய்கிறார்; அந்நேரம் மகாத்மா உயிரோடிருந்தார்.

சிநேகிதரைப் பொய்யர் என்று எவரும் நினைக்க வேண்டா. ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில், எஃப். டபிள்யூ. கோல்கிரோவ் என்னும் அமெரிக்கர் 179 பேரிடம் இதே கேள்வியைக் கேட்டு, 127 பேர் இடத்தையும் நேரத்தையும் விவரமாகச் சொன்னதை 1899இல் பிரசுரித்தார். சொன்னது மெய்தானா என்று சோதிக்கும் மார்க்கம் அவரிடம் இல்லை. 1986இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தபோது, உல்ரிக் நைசர் என்னும் உளவியலாளர் அம்மார்க்கத்தைக் கண்டார். மறுநாளே மாணவர்களை எழுதித் தரச் செய்து, இரண்டரை ஆண்டு கழித்து மீண்டும் கேட்டபோது, 44 பேரில் 11 பேர் முக்கிய விவரங்கள் அனைத்திலும் தவறியிருந்தனர். அவர்களுடைய கையெழுத்தையே எடுத்துக் காட்டியும் பழைய ஞாபகம் திரும்பவில்லை. எனினும், பிசகானதோ சரியானதோ, அவர்கள் ஒவ்வொருவரிடமும் ஓர் இடம் இருந்தது என்பதே என் சிந்தையில் தைக்கிறது. ஏனெனில், அந்த இடமே இல்லாத துக்கங்களும் உண்டு.

தோட்டத்து ஆண்களும் பெண்களும் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்தின் தலைவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், 1945 ஆகஸ்டு 18ஆம் தேதி தைப்பேயில் விமான விபத்தில் மாண்டார் என்று ஜப்பானியர் அறிவித்தது ஐந்து நாட்களுக்குப் பின்னரே. அது எங்கே உங்கள் காதில் விழுந்தது என்று அதே பெரியவரிடம் கேட்டேன். இடம் வரவில்லை, வழக்கு வந்தது. அவர் சாகவேயில்லை என்று தம் தகப்பனார் சொன்னதையும், சொன்ன காரணங்களையும் அரைமணி நேரம் எடுத்துரைத்தார். நம்பாத சேதிக்கு நேரம் ஏது?

இடையே ஒன்று சொல்லிவிட வேண்டும். காந்திக்காகக் கண்ணீர் விட்ட அந்த வார முடிவிலேயே, பிப்ரவரி 1ஆம் தேதி, மலாயா கூட்டரசு உதயமாயிற்று. தம் பிள்ளைகளின் குடியுரிமையை நிர்ணயிக்கப் போகும் அந்நாளில் தாம் எங்கிருந்தோம் என்று எனக்குச் சொன்னவர் ஒருவரும் இலர்.

அப்பெரியவர்களின் பேரப்பிள்ளைகள் இந்நாட்டின் துக்கத்தையே தம் துக்கமாகக் கொண்டவர்கள். 2014 ஜூலை 17 இரவு உக்ரைன் வானில் மலேசிய விமானம் எம்எச்17 வீழ்த்தப்பட்டு 298 பேர் மாண்டதை அவர்கள் பெரட்டுக் கதையைப் போலவே சொல்கிறார்கள்: நோன்பு மாதம், அண்டை வீட்டு மலாய்க்காரர் வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டது, கைத்தொலைபேசியின் வெளிச்சம். ஆகஸ்டு 22ஆம் தேதி சடலங்கள் வந்திறங்கி, நாடே மௌனம் அனுஷ்டித்தபோது தாம் நின்ற இடமும் தெரியும். எம்எச்17 வீழ்வதற்கு நான்கு மாதம் முன்பு, மார்ச் 8ஆம் தேதி பின்னிரவில், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத சிப்பாங்கிலிருந்து 239 பேரோடு கிளம்பிய எம்எச்370ஐப் பற்றிக் கேட்டாலோ, "எந்த நாள்?" என்கிறார்கள். காணவில்லை என்று சனிக்கிழமை காலை கேட்டதையா, விமானம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் முடிந்ததென்று பிரதமர் நஜிப் 24ஆம் தேதி இரவு அறிவித்ததையா, மறு ஆண்டு ரியூனியன் தீவில் இறக்கைத் துண்டு ஒதுங்கியதையா? பிறகு அவர்களும் வழக்காடத் தொடங்கிவிடுகிறார்கள், நேதாஜிக்காக அந்தத் தகப்பனார் வாதாடியதைப் போலவே.

2025 மார்ச்சில், ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் எம்எச்370ஐ மீண்டும் கடலில் தேடுவதற்கு மலேசிய அரசாங்கம் சம்மதித்தது. கண்டுபிடித்தால் 7 கோடி அமெரிக்க டாலர், இல்லையேல் ஒரு காசும் இல்லை என்பது நிபந்தனை. இதைப் பேரன் வாசித்துக் காட்டியபோது பெரியவர் சொன்னார்: "மழை நாள்ல வெறும் வாளியோட வந்தா நமக்கும் அதே கணக்குத்தானடா. அவனாச்சும் தேடட்டும்."