போடாக்ஸ் ஊசி திடீரென வேலை செய்யாமல் போவது ஏன்? ‘டச்-அப்’ போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

முதல் முறை ஊசி போட்டபோது நெற்றிக் கோடுகள் நாலு மாசம் தலைகாட்டவில்லை. அடுத்தடுத்த முறைகளிலும் அப்படித்தான். சில வருடங்கள் கழித்து, ரெண்டே மாசத்தில் கோடுகள் திரும்புகின்றன. அதற்கடுத்த முறை ஊசி போட்டதற்கான அறிகுறியே இல்லை. “டாக்டர் சரியா போடலையா? மருந்து டூப்ளிகேட்டா? இல்ல, என் உடம்புக்குப் பழகிப்போச்சா?”

மூன்றுமே காரணமாக இருக்கலாம். ஆனால், மூன்றாவது காரணம் அழகோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல.

இந்த ஊசி என்ன செய்கிறது?

‘போடாக்ஸ்’ என்பது ஒரு பிராண்ட் பெயர்தான். உள்ளே இருப்பது க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா உருவாக்கும் நச்சுப் புரதம். ‘சுருங்கு’ என்று தசைக்கு நரம்பு அனுப்பும் ரசாயன சிக்னலை இது தடுத்துவிடும். மிக மிகச் சிறிய அளவில் கொடுத்தால், குறிப்பிட்ட தசை மட்டும் தளரும்.

முதலில் இது கண் மருத்துவர்களின் மருந்து. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 1989-ல் அனுமதி கொடுத்தது. இமைத் துடிப்புக்கு ஊசி போட்டவர்களின் புருவக் கோடுகளும் மறைவதை, கனடாவின் வான்கூவரில் கண் மருத்துவர் ஜீன் கரூதர்ஸ் கவனித்தார். தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேருடன் சேர்ந்து 1992-ல் ஆய்வு வெளியிட்டார். புருவங்களுக்கு இடையே விழும் கோடுகளுக்கான எஃப்.டி.ஏ. அனுமதி 2002-ல் வந்தது.

நரம்பு மெல்ல மீண்டுவிடும் என்பதால், பலன் 3 முதல் 4 மாதங்கள்தான். அதனால்தான் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

உடம்பு ‘பழகுவது’ எப்படி?

மருந்து ஒரு அந்நியப் புரதம். அது அடிக்கடி உள்ளே வந்தால், நோய் எதிர்ப்பு மண்டலம் அடையாளம் கண்டு ஆன்டிபாடிகளை உருவாக்கலாம். தடுப்பூசிக்கு பூஸ்டர் டோஸ் போடும்போது நடப்பதும் கிட்டத்தட்ட இதேதான். இந்த ஆன்டிபாடிகளில் சில, மருந்து நரம்பைப் போய்ச் சேரும் முன்பே அதை மடக்கிவிடும். டோஸை ஏற்றிக்கொண்டே போனால், எதிர்ப்பு மண்டலத்துக்கு இன்னும் அதிகப் பயிற்சிதான் கிடைக்கும்.

1997-ல் என்ன மாறியது?

ஆரம்ப கால போடாக்ஸில் 100 யூனிட்டுக்கு சுமார் 25 நானோகிராம் புரதம் இருந்தது. 1997-ல் வந்த புதிய தயாரிப்பில் அது 5 நானோகிராமாகக் குறைந்தது. கழுத்துத் தசை இழுப்பு நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டவர்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003-ல் வெளியானது. பழைய மருந்தை மட்டுமே பயன்படுத்திய 42 பேரில் 4 பேருக்கு, மருந்தைத் தடுக்கும் ஆன்டிபாடிகள் இருந்தன. புதிய மருந்தை மட்டுமே பயன்படுத்திய 119 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. உள்ளே போகும் புரதத்தின் அளவு முக்கியம் என்பது இதில் தெளிவானது.

யாருக்கு ரிஸ்க் அதிகம்?

சுருக்கத்துக்கு மட்டும் போடுபவர்களிடம் இந்த எதிர்ப்பு அரிது. ஆய்வுகளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே பதிவாகியிருக்கிறது. ஆனால் டோஸ் கூடினாலும் இடைவெளி குறைந்தாலும் ரிஸ்க் ஏறும். புருவ நடுக் கோடுகளுக்கு வழக்கமான டோஸ் 20 யூனிட். தென் கொரியா போன்ற நாடுகளில் பிரபலமான தாடை ஒல்லியாக்கும் ஊசி, கெண்டைக்கால் ஊசி ஆகியவற்றுக்கு அதைப்போல் பல மடங்கு தேவைப்படும். ரெண்டு வாரத்தில் போடும் ‘டச்-அப்’பும் இந்தக் கணக்கில் சேரும்.

எல்லாமே ஆன்டிபாடியா?

இல்லை. மருந்தை அதிகமாக நீர்க்கச் செய்திருக்கலாம், குளிர்பதனம் தவறியிருக்கலாம், ஊசி இடம் மாறியிருக்கலாம். போலி மருந்தும் உண்டு. 2024 ஏப்ரலில் போலி போடாக்ஸ் பற்றி அமெரிக்க சுகாதார அமைப்புகளே எச்சரிக்கை விட்டன. வயது ஏற ஏற, முகத்தை அசைக்காதபோதும் தெரியும் கோடுகள் விழும். தசையைத் தளர்த்தினாலும் அவை முழுசாகப் போகாது.

சந்தேகம் இருந்தால், நெற்றியின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறிது மருந்து போட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. சில வாரங்கள் கழித்துப் புருவத்தை உயர்த்தும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைந்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

ஏன் கவலைப்பட வேண்டும்?

இதே மருந்துதான் தீராத மைக்ரேன், பக்கவாதத்துக்குப் பின் வரும் தசை இறுக்கம், கழுத்துத் தசை இழுப்பு, கட்டுப்படாத சிறுநீர்ப்பை போன்றவற்றுக்கும் சிகிச்சை. 28 வயதில் தாடைக்காகப் போட்ட ஊசிகளால் எதிர்ப்பு உருவானால், 58 வயதில் கை இறுக்கத்தைத் தளர்த்தத் தேவைப்படும்போது அதே மருந்து கைகொடுக்காமல் போகலாம். ஊசியை நிறுத்திய சிலருக்கு ஆன்டிபாடி அளவு வருடக்கணக்கில் குறைந்திருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ‘பி’ வகை நச்சில் தயாரான மாற்று மருந்து இருந்தாலும், அதற்கும் எதிர்ப்பு உருவாகலாம்.

என்ன செய்யலாம்?

• இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது 3 மாத இடைவெளி விடுங்கள். ‘டச்-அப்’ அவசியம்தானா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

• பலன் தரும் மிகக் குறைந்த டோஸ் போதும்.

• கூடுதல் புரதங்களை நீக்கிய தயாரிப்புகளும் உண்டு. நீண்ட காலம் போடத் திட்டமிருந்தால் அதைப் பற்றிப் பேசுங்கள்.

• ஒவ்வொரு முறையும் பிராண்ட், பேட்ச் எண், எத்தனை யூனிட், தேதி ஆகியவற்றை போனில் குறித்து வையுங்கள்.

• பலன் குறைந்தால் உடனே டோஸை ஏற்றச் சொல்லாதீர்கள். முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

• வேறு நோய்க்காக நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்போது, அழகுக்காக ஊசி போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்கு அது தேவையான தகவல்.