பெங்களூரின் கல்லும் அதன் மெருகும்

பெங்களூரு நகரம், நிலவியலார் தீபகற்ப நைஸ் என்று பெயரிட்டுள்ள, சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்த பாறையின் மேல் அமைந்துள்ளது. லால்பாக் பூங்காவில் குன்றாக வெளிப்பட்டு நிற்கும் அப்பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. 1956-இல் கட்டி முடிக்கப்பட்ட சட்டமன்றக் கட்டடமான விதான சௌதாவும் இவ்வட்டாரக் கருங்கல்லால் எழுந்ததே. மாகடியின் இளஞ்சிவப்புக் கல்லும் துருவேகெரேயின் கருநிறக் கல்லும் அதில் அணிவேலைக்குப் பயன்பட்டன. இன்றைய வீடுகளிலோ உள்ளூர்க் கிரானைட்டோடு ராஜஸ்தானின் மக்ரானா சலவைக்கல்லும் ஆந்திரத்தின் கடப்பைக்கல்லும் அடுத்தடுத்துப் பதிக்கப்பட்டு, இயல்பில் வேறுபட்ட இவை யாவும் ஒரே திரவத்தால் துடைக்கப்படுகின்றன. கெடுதல் இங்குதான் தொடங்குகிறது.

கிரானைட்டின் பெரும்பகுதி குவார்ட்சு, பெல்ஸ்பார் என்னும் கனிமங்களால் ஆனது. கடினத்தை அளக்கும் மோ அளவுகோலில் இவை முறையே 7, 6 என்ற நிலைகளில் நிற்கின்றன. சலவைக்கல்லின் கால்சைட்டோ 3-ஆம் நிலையில் இருப்பதோடு, வேதியியல் நோக்கில் கால்சியம் கார்பனேட்டாகவும் இருப்பதால், எலுமிச்சை, புளி, வினிகர் ஆகியவற்றின் மெல்லிய அமிலம் பட்டாலே கரைந்து மங்குகிறது. அம்மங்கல் மேலே படிந்த கறையன்று, கல்லே அரிக்கப்பட்ட தழும்பு; எவ்வளவு துடைத்தாலும் அது போகாது. சுண்ணாம்புக்கல் வகையைச் சேர்ந்த கடப்பைக்கல்லுக்கும் இதே கதிதான்.

ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீர் காய்ந்து விட்டுச் செல்லும் வெள்ளைப் படிவும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டே ஆகையால், அதைக் கரைக்க வல்ல குளியலறை ஆசிட் சலவைக்கல்லையும் சேர்த்தே கரைக்கும். காரமும் அமிலமும் மிகாத நடுநிலைச் சோப்பு நீரும், ஈரத்தை உடனே துடைத்தெடுக்கும் உலர்ந்த துணியும் அன்றாடத் தூய்மைக்குப் போதும். கல்லின் துளைகளுக்குள் ஊறிய எண்ணெய்க்கறைக்கு உறிஞ்சும் களிமண் குழம்பைப் பூசிக் காயவிட்டு எடுப்பது தக்க முறை. தாஜ்மகாலின் மஞ்சள் படிவை நீக்க இந்தியத் தொல்லியல் துறை முல்தானி மட்டியைப் பூசுவதும் இவ்வகைப்பட்டதே.

சீலர் எனப்படும் காப்புத் திரவம் நுண்துளைகளில் இறங்கி நீரும் எண்ணெயும் ஊறுவதைத் தாமதப்படுத்துமே தவிர, அமில அரிப்பைத் தடுக்காது. விற்பவர்கள் இதைச் சொல்வது அரிது. கல்லின் மேல் சில நீர்த்துளிகளை விட்டுப் பத்து நிமிடம் கழித்து, அவ்விடம் கருத்திருந்தால் சீலர் தேவை; அடர்த்தியான கருப்புக் கிரானைட் பலவற்றுக்கு அது வீண்செலவு.

மெருகேற்றுதல் என்பது வைரத்துகள் பதித்த வட்டுகளால், 50 போன்ற சொரசொரப்பான துகள் எண்ணிலிருந்து 3000 என்னும் நுண்மையான எண் வரை, ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் கீறலை அழிக்குமாறு படிப்படியாகத் தேய்ப்பதாகும். இடையில் ஓர் எண்ணைத் தாவினால் கீறல்கள் வெளிச்சத்தில் அதைக் காட்டிக்கொடுக்கும். மெழுகு தரும் பளபளப்போ சில வாரங்களில் அழுக்கைச் சேர்த்துக்கொள்வது. அமிலத்துக்கு அசையாத கிரானைட்டின் குவார்ட்சு, உலர்வாகத் தேய்க்கப்படும்போது நுண்தூசியாகித் தொழிலாளியின் நுரையீரலில் படிந்து, குணமாக்க இயலாத சிலிக்கோசிஸ் நோயை உண்டாக்கும். ஆகவே நீர் ஓடவிட்டுத் தேய்க்கும் முறையையே வீட்டுக்காரர்கள் கேட்டுப் பெற வேண்டும். கூலியோ நேரமோ கூடினாலும் உலர்தேய்ப்புக்கு இசையலாகாது.