மறதியும் வீட்டுக் கருவியின் மொழியும்

ஜாலான் புசார் அடுக்குமாடிகளில் ஒரே வடிவக் கதவுகள் வரிசையாக உள்ளன. நினைவு குன்றிய முதியவர் தம் புளோக்கை, தம் கதவை எவ்வாறு அறிவார்? மனநலக் கழகத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு, சிங்கப்பூரில் 60 வயதும் அதற்கு மேலும் உடையோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு முதுமை மறதிநோய் உண்டெனக் கண்டது.

இந்நோயில் பெரும்பாலும் புதிய நினைவுகளே முதலில் நழுவும். பழையவை நெடுநாள் நிற்கும். ஆதலால் புதிதாகக் கற்க வேண்டிய கருவி, எத்துணை நுட்பமானதாயினும், இவர்க்கு உதவுவது அரிது. கெபுன் பாருவில் புளோக்குகளின் கீழ்த்தளச் சுவர்களில் பழங்காலப் பொருள்களை வண்ணத்தில் தீட்டியது இதனாலேயே. கவனிப்பாரின்றி எரியும் அடுப்பைத் தானே அணைக்கும் கருவி இன்னும் மேல். அது நினைவிடம் எதையும் கேட்பதில்லை.

மாத்திரையை நினைவூட்டும் கருவி அப்படியன்று. அது பேசியாக வேண்டும். எம்மொழியில்? பின்னாளில் கற்ற ஆங்கிலம் சிலரிடம் தமிழுக்கு முன்பே தளர்ந்துவிடுகிறது. தமிழிலும் ‘மருந்து உட்கொள்ளும் நேரம்’ என்பது வானொலிச் செய்தியாய்க் காதைக் கடந்துபோகும். ‘அப்பா, மாத்திரை போட்டாச்சா?’ என்றால் திரும்பிப் பார்ப்பார். எழுத்துத்தமிழைப் போற்றும் நாம் இங்கே பேச்சுத்தமிழுக்கே வழிவிட வேண்டும். மகளின் குரலையே பதிந்து வைக்கலாமா என்பதில் நமக்குத் தயக்கம் உண்டு: குரல் கேட்டவர் மகளைத் தேடி அறைதோறும் நடக்கக்கூடும், வாசற்கதவையும் திறக்கக்கூடும்.