ஆஸ்பெர்கர் சுபாவமும் உத்தியோக வாழ்க்கையும்

கல்வி முற்றிப் பட்டம் பெற்றுக் கல்லூரி வாயிலைக் கடந்து செல்லும் மாணாக்கர்க்கு அடுத்து எதிர்ப்படுவது உத்தியோகம் என்னும் பெரும் பரீக்ஷையாகும். அதில் தேறுதற்குக் கல்வியும் உழைப்புமிருந்தாற் போதும் என்றே நாம் எண்ணியிருக்கின்றோம். ஆயினும் கல்வியிற் குறைவின்றியும், உழைப்பிற் சலிப்பின்றியும், நேர்மையிற் பிறழாமலும் இருந்தும், வேலைக்குச் செல்லுமிடந்தோறும் இடறி வீழ்வார் சிலர் உளர். அவரைக் குறித்து உலகம் கூறுவது, 'கெட்டிக்காரன்தான். ஆனால் பழகத் தெரியாதவன்' என்பதே. அத்தகையாருள் ஒரு சாராரைப் பற்றி ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1944-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துச் சர்வகலாசாலையின் குழந்தை வைத்தியசாலையைச் சேர்ந்த ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்னும் வைத்தியர், தாம் கண்ட நான்கு சிறுவரின் இயல்பை விவரித்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டிலேயே அமெரிக்க நாட்டுப் பால்ட்டிமோர் நகரத்து லியோ கானர் என்பவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிஸம் என்பதை உலகறியச் செய்திருந்தார். ஜெர்மன் பாஷையில் யுத்த காலத்தே வெளிவந்த ஆஸ்பெர்கரின் கட்டுரை நெடுங்காலம் அயல்நாட்டார் கவனத்தைப் பெரிதும் பெறவில்லை. 1981-இல் லோர்னா விங் என்னும் ஆங்கில வைத்திய அம்மையாரே அதனை எடுத்துக்காட்டி, 'ஆஸ்பெர்கர் குறித்தொகுதி' என்னும் பெயரைப் பரவச் செய்தார். 1994-இல் அமெரிக்க மனோவைத்திய சங்கத்தாரின் நூலில் தனித் தலைப்பாக இடம் பெற்ற இப்பெயர், 2013-இல் 'ஆட்டிஸ நிறமாலை' என்னும் பொதுத் தலைப்பினுள் அடக்கப்பட்டுவிட்டது. மேலும், நாஜி ஆட்சிக் காலத்தில் ஆஸ்பெர்கர் சில குழந்தைகளை, பல குழந்தைகள் கொல்லப்பட்ட ஸ்பீகல்குருண்ட் நிலையத்திற்கு அனுப்பினார் என்பதை 2018-இல் ஹெர்விக் செக் என்னும் சரித்திர ஆராய்ச்சியாளர் ஆவணங்களால் விளக்கினார். ஆதலின் இப்பெயரை விலக்குவார் பலர். எனினும் முன்னர் இப்பெயரைப் பெற்றவருட் பலர் இன்றும் இதனையே வழங்குதலின், நாமும் இதனையே கொண்டோம்.

இது தொற்று நோயன்று, வளர்ப்பின் குற்றமுமன்று, பிறவியிலேயே அமைந்த சுபாவம். இச்சுபாவமுடையார்க்குப் பேச்சும் அறிவும் குறைவதில்லை. ஆனால் பிறர் முகக்குறிப்பாலும் குரலின் ஏற்றத் தாழ்வாலும் உணர்த்தும் சொல்லாப் பொருளைக் கணத்திற் கண்டுகொள்வது இவர்க்கு அரிதாகும். சொன்ன சொல்லைச் சொன்னவாறே கொள்வர். தாமும் எண்ணியதை எண்ணியவாறே சொல்வர். ஏதேனும் ஒரு விஷயத்தில் ஆழ்ந்த பற்றுக் கொண்டு அதன் வேரளவும் ஆராய்வர். ஒழுங்கு திடீரென மாறுமாயின் கலங்குவர். ஒளி, ஓசை, மணம் ஆகியவை பிறரினும் மிகுதியாக இவரைத் தாக்குதலும் உண்டு.

இனி, இவர் உத்தியோகசாலையுட் புகுந்தால் நேர்வது யாதெனக் காண்போம். மேலதிகாரி ஒரு கணக்கை நீட்டி, 'இதைச் சற்றுப் பார்த்து வையுங்கள்' என்கின்றார். மாலைக்குள் திருத்தி முடித்துத் தரவேண்டும் என்பது அதன் கருத்து என்று மற்றையோர் அறிவர். நம்மவரோ அதனைப் பார்க்கின்றார். பார்த்தபின் மேசைமேல் வைக்கின்றார். மாலையில் அதிகாரி சினக்கின்றார், இவர் திகைக்கின்றார். பிறிதொரு நாள் கூட்டத்தில் அதிகாரி, 'நமது திட்டத்தில் ஏதேனும் குறையுண்டோ?' என்று உபசாரமாகக் கேட்க, இவர் எழுந்து ஏழு குறைகளை வரிசையாக எடுத்துரைக்கின்றார். ஏழும் உண்மையே, ஆயினும் அன்று முதல் இவர்க்குச் 'செருக்கன்' என்னும் பெயர் நிலைத்துவிடுகின்றது.

இவ்வாறு பன்முறை அடிபட்டோர், பிறரைப் போல் நடிக்கக் கற்றுக்கொள்கின்றனர். இத்தனை கணம் கண்ணை நோக்குதல், இன்ன இடத்திற் சிரித்தல் என ஒவ்வொன்றையும் எண்ணியெண்ணிச் செய்தல் வேண்டும். பகல் முழுதும் முகமூடி அணிந்தவர் வேலையால் அல்ல, வேடத்தால் களைத்து வீடு சேர்கின்றார். ஆண்டுகள் சில கழிய, உடலும் உள்ளமும் சோர்ந்து உத்தியோகத்தையே துறப்பாரும் உளர். அவர் ஏன் விலகினார் என்பதை அச்சாலையார் அறிவதேயில்லை.

குறை முழுதும் இவர்பாலதோ என்னும் வினா இங்கே எழுகின்றது. 2012-இல் டேமியன் மில்ட்டன் என்னும் ஆங்கில அறிஞர், தாமும் ஆட்டிஸ சுபாவமுடையவர், இதற்கு ஒரு விடை கூறினார். இவர் பிறர் உள்ளத்தை அறியாதவாறே, பிறரும் இவருள்ளத்தை அறிகின்றிலர். ஆதலின் இஃது ஒருபாற் குறையன்று, இருபாலார்க்கும் இடைப்பட்ட அறியாமை என்பது அவர் கொள்கை. இரு வேறு பாஷையார் சந்திக்குமிடத்து ஒருவரை மாத்திரம் ஊமையென்றல் நியாயமாகாதன்றோ?

வேலை கிடைப்பதற்கு முன்னரே பெருந்தடையாய் நிற்பது நேர்முகப் பேட்டி. அரைமணி நேரம் இனிமையாகப் பேசுந் திறனை அது அளக்குமேயன்றி, ஆண்டு முழுதும் பிழையின்றி உழைக்குந் திறனை அளப்பதன்று. டென்மார்க் தேசத்துத் தோர்கில் சோனே என்பவர் இதனைத் தம் மகன்வாயிலாக உணர்ந்தார். ஆட்டிஸம் உடையவன் எனப்பட்ட அச்சிறுவன், ஒரு நாள் எண்களும் கட்டங்களும் நிறைந்த ஒரு சித்திரம் வரைந்தான். தந்தை அதனை ஆராய, அஃது ஐரோப்பியச் சாலைப்படப் புத்தகத்தின் அட்டவணைப் பக்கத்தை நினைவிலிருந்தே பிழையின்றி எழுதியதெனக் கண்டார். 2004-இல் அவர் 'ஸ்பெஷலிஸ்டர்னே', அதாவது 'நிபுணர்கள்', என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, இத்தகையாரைக் கணிப்பொறி நிரல்களிற் பிழை காணும் வேலையில் அமர்த்தினார். பேட்டிக்குப் பதிலாக, லெகோ விளையாட்டுக் கருவிகளால் சிறு யந்திரங்களை இயக்கச் செய்து அவர்தம் திறமையை அறிந்தார். 2013-இல் ஜெர்மானிய எஸ்.ஏ.பி. நிறுவனத்தாரும் இவருடன் கூடி இவ்வழியை மேற்கொண்டனர். அதற்கு முன்னோடியாக அவர்தம் இந்தியக் கிளையில் ஆறு பேர் அமர்த்தப்பட்டிருந்தனர். கால்நடைத் தொழுவங்களை அமைப்பதிற் பெயர்பெற்ற டெம்பிள் கிராண்டின் அம்மையாரும், தாம் பேசிக் காட்டியதால் அன்று, தம் வரைபடங்களைக் காட்டியே வேலைகளைப் பெற்றதாகக் கூறுவர்.

ஆயினும் இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். ஆஸ்பெர்கர் சுபாவமுடையார் அனைவரும் கணித மேதைகளல்லர். ஆசிரியராகவும் எழுத்தராகவும் தோட்டக்காரராகவும் விளங்க விரும்புவாரும் அவருட் பலர். மேதையாயிருந்தாலன்றி இடமில்லை என்பதும் ஒரு கொடுமையே.

இவர்க்கு வேண்டுவன அரியன அல்ல. கட்டளையைக் குறிப்பாலன்றித் தெளிவாக, கூடுமாயின் எழுத்தில் தருதல். பல வேலைகளுள் எது முந்தியது எனச் சொல்லுதல். மாறுதலை முன்னரே அறிவித்தல். அமைதியான ஓரிடம் அளித்தல். பிழையைப் பலர் முன் இடித்துரையாது தனியே நேராகக் கூறுதல். ஐயம் வந்துழி அஞ்சாது வினவ ஒரு துணைவரைக் காட்டுதல். இவற்றாற் செலவு சிறிது. நன்மையோ எல்லார்க்கும் உண்டு.

இவ்வுதவியைப் பெறுதற்குத் தம் சுபாவத்தை வெளியிட வேண்டுமே என்பதுதான் இவர்தம் பெருந்துன்பம். சொன்னால் ஏளனமும் பதவியுயர்வின் இழப்பும் நேருமோ என்னும் அச்சம், சொல்லாவிடில் உதவியின்மை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிஸ நிறமாலையையும் தன்னுள் அடக்கியுள்ளது. எனினும் சட்டம் கதவைத் திறக்குமேயன்றி, உள்ளிருப்பார் முகத்தை மலரச் செய்ய வல்லதன்று.

அது நம் கடன். ஆளின் தகுதியறிந்து வினையில் அமர்த்துதற்கென்றே வள்ளுவர் 'தெரிந்து வினையாடல்' என ஓரதிகாரம் வகுத்தார். பவுல் அப்போஸ்தலரும் கொரிந்தியர்க்கு எழுதிய முதல் நிருபத்தில், சரீரத்தின் அவயவங்களுள் ஒன்றும் வேண்டாததன்று என விளக்கியுள்ளார். மாணவ நண்பர்களே, நாளை உங்களிற் பலர் பிறர்க்கு வேலையளிக்கும் நிலையை அடைவீர்கள். அன்று உங்கள்முன் ஒருவர் கண்ணை நோக்காது, கேட்டதற்கு மாத்திரம் விடை கூறி அமர்ந்திருப்பாராயின், 'பழகத் தெரியாதவன்' எனத் தள்ளிவிடாது, அவர் செய்த வேலையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இன்றே தொடங்க விரும்புவீராயின், உங்கள் வகுப்பில் தனித்திருக்கும் தோழனிடத்துத் தொடங்கலாம்.